ஒத்தையில போ மாப்ள!

ஏண்டா மாப்ள, சீமைக்குப் போயிப் படிச்சு, வேலையும் வாங்கி, கடைசியில ஒத்த டிக்கெட்டு எடுத்து வச்சிருக்கியாமே? உங்காத்தா என் கமிசன் கடைக்கு வந்து வெங்காய மூட்டை மேல ஒக்காந்து அழுகுறா. அழுகைக்கு வெங்காயம் பாதிக் காரணம்னாலும் மீதி நீதேன். “தம்பி, எம்புள்ள ஏதோ பாட்டுக் கச்சேரிக்கு ஒத்தையில போறேங்கிறான்டா. கூடப் போக ஒரு கூட்டாளி இல்லையாம். வாசிக்கிறதும் கெழட்டு ஆளுகளாம். புள்ளைக்கு என்னமோ ஆகிப்போச்சு, கோடாங்கிகிட்டக் கேப்பமா”ங்கிறா. “அக்கா, கோடாங்கிக்குக் குடுக்குற காச எங்கிட்டக் குடு, நானே வேப்பெல அடிச்சு விடுறேன்”னேன். காசு வரல. பரவாயில்ல, வேப்பெலய மட்டும் அடிக்கிறேன், கேட்டுக்க.

உங்காத்தா பயப்படுறதுலயும் ஞாயம் இருக்குடா. நம்ம பரவையில ஒரு மனுசன் ஒத்தையில போக அனுமதி உள்ள எடம் ரெண்டே ரெண்டு. ஒண்ணு கொல்லைப்பக்கம், இன்னொண்ணு சுடுகாடு. சுடுகாட்டுக்கும் நாலு பேரு தூக்கிட்டுப் போனாத்தேன் மரியாத. சினிமாவுக்கு ஒத்தையில போனா “வீட்டுல சண்டையா?”ம்பாய்ங்க. ஓட்டல்ல ஒத்தையில தின்னா “பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்காளா?”ம்பாய்ங்க. கோயில்ல ஒத்தையில கண்ண மூடி நின்னாலும் “கடன் எம்புட்டுய்யா?”ன்னு கேட்டுட்டுத்தேன் துன்னூறு பூசுவாய்ங்க. இப்பிடி ஊர்ல பெறந்தவன் ஒத்தையில கச்சேரி கேக்கப் போறேன்னா, மேலே வந்து ஏறுனது காத்தா கருப்பான்னு ஆத்தாக்காரி தேடத்தேன செய்வா?

நான் தேடல. நீ அனுப்புன பாட்டப் போட்டுக் கேட்டேன். ராத்திரி ஒட்டன்சத்திரம் லோடு வர்ற வரைக்கும் மார்க்கெட்டுல நமக்கு என்ன வேல? ஸ்காட்டலைட்ஸ்னு அந்தக் கச்சேரிக் கூட்டத்தோட பேரப் பாத்ததும் பருத்திக்கு அடிக்கிற மருந்துன்னுதேன் நெனச்சேன். போட்டதும் காலு தானா ஆடுச்சு. மூட்டை எறக்குற ஆளுக திரும்பிப் பாத்து, “என்னண்ணே, எந்த ஊரு பேண்டு செட்டு?”ன்னாய்ங்க. ட்ரம்பெட்டு, ட்ராம்போனு, சாக்ஸபோனு எல்லாம் கல்யாண ஊர்வலத்துல பாத்துப் பழகுனதுதேன? அந்தப் பயலுகளுக்கு அது ஜமைக்காவா ஜெய்ஹிந்துபுரமாங்கிற சந்தேகமே வரல.

அப்பறம் பேரன விட்டு அந்தக் கூட்டத்தோட கதையப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒனக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும். தெரியாட்டியும் தெரிஞ்சவனாத் தலையாட்டிக்க, படிச்ச புள்ளைக்கு அழகு அதுதேன்.

ஜமைக்கா விடுதலையானது 1962 ஆகஸ்டு 6. அதுக்கு முன்னாடியே கிங்ஸ்டன் தெருவுல ஆளு ஒசரத்துக்குப் பொட்டிய அடுக்கி, ரெக்கார்டு போட்டு, ஆட்டம் நடத்துறவய்ங்க இருந்திருக்காய்ங்க. அதுக்கு சவுண்டு சிஸ்டம்னு பேரு. காதுகுத்துக்கு நாலு தெருவுக்குக் கொழாய் கட்டுறதுல நம்ம மதுரைப் பக்கத்து மைக்செட்டுக்காரய்ங்கள மிஞ்ச ஆளில்லன்னு இருந்தேன். டியூக் ரீடுன்னு ஒருத்தன், பழைய போலீசுக்காரன், இடுப்புல துப்பாக்கியச் செருகிக்கிட்டு வந்து ரெக்கார்டு போடுவானாம். எதிர்க்கடை கோக்ஸோன் டாடு. அமெரிக்காவுல இருந்து நல்ல ரெக்கார்டு ஒண்ணு கைக்கு வந்துட்டா, அது யாரு பாட்டுன்னு எதிராளிக்குத் தெரியக் கூடாதுன்னு நடுவுல ஒட்டியிருக்குற சீட்டச் சொரண்டிருவாய்ங்களாம்! அம்புட்டுப் போட்டி. பெறகு அமெரிக்காக்காரய்ங்க பாட்டு வேற தெசைக்குத் திரும்பிருச்சு. கிங்ஸ்டன்ல ஆடுறவய்ங்களுக்கோ பழைய துள்ளல்தேன் வேணும். வெளியூர்ச் சரக்கு நின்னதும் உள்ளூர்லயே ஆள் பிடிச்சு வாசிக்கச் சொன்னாய்ங்க. ஸ்காங்கிற பாட்டு வகை பெறந்த கதை அதுதேன்.

வாசிக்க ஆளு எங்கருந்து வந்தாய்ங்கன்னு கேளு. அங்க ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூலுன்னு கன்னியாஸ்திரிக நடத்துன ஒரு பள்ளிக்கூடம். நாதியில்லாத பயலுக, வீட்டுக்கு அடங்காத பயலுக எல்லாத்தையும் சேத்து வச்சு, ஆளுக்கொரு ஊதுகொழலக் கையில குடுத்துருவாய்ங்க. சிஸ்டர் மேரி இக்னேஷியஸ்னு ஒரு அம்மா அங்க இருந்திருக்காங்க. அவுங்ககிட்டயே ரெக்கார்டு குமிஞ்சு கெடக்குமாம், சொந்தமா சவுண்டு செட்டே வச்சுப் பயலுகளுக்குப் போட்டுக் காட்டுவாங்களாம். டாமி மெக்குக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங், நாலு பேரும் அந்த அம்மாமாருக கையில வளந்தவய்ங்க. 1964ல ஸ்காட்டலைட்ஸ் கூட்டம் சேந்தப்ப அதுக்கு முதுகெலும்பே இவிங்கதேன். அடங்காத பயலத் திருத்த அவிங்க ட்ராம்போனக் குடுத்தாய்ங்க. நாம பாட்டு பீரியடையும் பிடுங்கிக் கணக்கு நடத்துனோம். விடு, அது வேற வயித்தெரிச்சல்.

அந்தத் துள்ளல் எங்கருந்து வருதுன்னு எனக்கு வெளங்கிருச்சு மாப்ள. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணு. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்குல்ல, கிட்டாரும் பியானோவும் அந்தச் சந்துலதேன் வெட்டுது. உங்க அம்மாச்சியும் பெரியம்மாச்சியும் ஒரே ஒரல்ல நெல்லுக் குத்துவாக. ஒருத்தி ஒலக்கை மேல போகையில மத்தவ ஒலக்கை எறங்கும். நேரா விழுகுற குத்த விட, நடுவுல விழுகுற குத்துதேன் கைக்கு வேகம் குடுக்கும். ஸ்காவுல ஒன்னைய ஆட்டுறதும் அந்த ரெண்டாவது ஒலக்கைதேன். அத வாசிக்கிறவன் முன்னாடி நிக்க மாட்டான், பேரும் வாங்க மாட்டான். அவன் ஒரு நிமிசம் நிறுத்துனா கச்சேரி படுத்துரும்.

சரி, வரலாறு போதும். இனி வேப்பெல.

மொத அடி. “யாரும் வரலையா, ஒத்தையிலயா?”ன்னு ஒங்கூட்டாளிக மூஞ்சியத் தொங்கப்போட்டுக் கேப்பாய்ங்க. ஒனக்கு ஆள் கெடைக்கலயேங்கிற வருத்தம் அதுல ஒரு பொட்டும் கெடையாது. நீ போயிட்டா ராத்திரிச் சோறு ஆக்குறது யாருங்கிற வருத்தம்தேன். அவிங்ககிட்ட “எனக்கு அந்த இசை உயிரு”ன்னெல்லாம் வெளக்கம் சொல்லாத. சொன்னா சிரிப்பாய்ங்க. “ஒரு டிக்கெட்டுதேன் மிச்சம் இருந்துச்சு”ன்னு சொல்லு. ஒடனே அம்புட்டுப் பேருக்கும் வரணும்னு ஆச வந்துரும்.

ரெண்டாவது அடி. கூட்டாளியோட போறவன் கச்சேரியக் கேக்குறதே இல்ல மாப்ள, கூட்டாளி மூஞ்சியத்தேன் பாக்குறான். ஒரு நல்ல எடம் வரும். சாக்ஸபோன்காரன் ஊதி ஊதி மூச்சு முட்டுற எடத்துல நின்னு திரும்புவான். ஒனக்கு அங்க மயிர்க்கூச்செறியும். ஒடனே பக்கத்துல இருக்குறவனப் பாப்ப, அவனுக்கும் பிடிச்சிருக்கான்னு. அவன் போன நோண்டிக்கிட்டிருப்பான். ஒனக்குச் சப்புன்னு போயிரும், “ஒண்ணும் பெருசா இல்லயோ”ன்னு நெனப்ப. ஒத்தையில போனவனுக்கு இந்த வாய்தாவே கெடையாது. நல்லாருக்குன்னா நல்லாருக்கு, மேல்முறையீடு இல்ல.

மூணாவது, நிக்கிற எடம். மேடைக்கு நேரா, ஸ்பீக்கருக்கு முன்னாடி, கூட்டம் நசுக்குற எடத்துல போயி நிக்காத. ஓரமா நில்லு. கொட்டடிக்கிறவன் கை தெரியணும், ட்ராம்போன்காரன் கம்பிய இழுக்குறது தெரியணும். ஊதுறவய்ங்க எந்த எடத்துல மூச்சு வாங்குறாய்ங்கன்னு பாரு. எழுவது வயசுக்காரன் அந்த மூச்ச எங்க ஒளிச்சு வச்சு வாங்குறாங்கிறதுதேன் அம்பது வருச அனுபவம். அத எந்த ரெக்கார்டுலயும் கேக்க முடியாது. அதுக்குத்தேன் நேர்ல போறது.

நாலாவது, இது ரொம்ப முக்கியம். அளவாத் தண்ணியக் குடி. எந்தத் தண்ணியா இருந்தாலுஞ் சரி. கூட்டாளியோட போனவனுக்கு எடம் பிடிச்சு வைக்க ஆளு உண்டு. ஒத்தையில போனவன் ஒதுங்கப் போனா, திரும்பி வாரதுக்குள்ள அந்த எடத்துல ஆறடி ஒசரத்துல ஒரு வெள்ளைக்காரன் நிப்பான். மிச்சக் கச்சேரி பூராம் அவன் முதுகத்தேன் பாக்கணும்.

அஞ்சாவது, போனப் பையில போடு. நீ எடுத்த வீடியோவ நீயே திரும்பப் பாக்க மாட்ட. எனக்கு அனுப்புவ, நானும் பாக்க மாட்டேன், “சூப்பர் மாப்ள”ன்னு மட்டும் போடுவேன். இம்புட்டு நாளும் அதுதேன் நடந்துச்சு, இப்ப தெரிஞ்சுக்க.

ஆறாவது, ஆடணும். அவிங்க ஆட்டத்த நானும் பாத்தேன். முழங்காலத் தூக்கி, முழங்கைய மடக்கி, நின்ன எடத்துலயே ஓடுறாய்ங்க. இதுக்கு வகுப்பெல்லாம் வேணாம்டா, பரவைக் கம்மாக்கரையில நாய் தொரத்துன ஒவ்வொருத்தனுக்கும் இது வரும். “ஒத்தையில ஆடுனா பாப்பாய்ங்களே”ன்னு கூசாத. நம்மூருல சாமி யாரு மேலயும் கூட்டாளியோட சேந்து எறங்குனதில்ல. ஒரு ஆளப் பாத்துத்தேன் எறங்கும். ஆனா அளவா ஆடு. மேட்னஸ்னு ஒரு லண்டன் கூட்டம் 1992ல ஃபின்ஸ்பரி பார்க்குல வாசிச்சப்ப, சனம் மொத்தமும் குதிச்ச குதியில பக்கத்து அடுக்குமாடி வீடுகளே ஆடிப்போயி, நெலநடுக்கம்னு உள்ள இருந்த ஆளுகள வெளிய கூட்டியாந்துட்டாய்ங்க. ஒனக்கு விசா வேற புதுப்பிக்கணும்.

ஏழாவது, அந்தக் கூட்டத்துல ஓரமா ஒரு கெழவன் ஒத்தையில நிப்பான். வட்டத் தொப்பி போட்டிருப்பான், தல வழுக்கையா இருக்கும். யாரு கூடவும் பேச மாட்டான், ஒவ்வொரு பாட்டு ஆரம்பிக்கும் முன்னாடியே அது என்ன பாட்டுன்னு அவன் காலுக்குத் தெரிஞ்சிரும். எல்லா ஊருக் கச்சேரியிலயும் அப்பிடி ஒருத்தன் இருப்பான். அவங்கிட்டப் போயி நிக்காத, பேச்சும் குடுக்காத. கச்சேரி முடிஞ்சதும் ஒரு தலையாட்டு, அம்புட்டுதேன். அவனுக்கு அதுவே அதிகம்.

“மாமா, பழைய ஆளுக முக்காவாசிப் பேரு செத்துட்டாய்ங்களே, இப்ப வாசிக்கிறது அதே பேண்டுதேனா?”ன்னு ஒரு கேள்வி போட்டிருந்தியே, அதுக்கு வாரேன். 1964ல சேந்தவய்ங்க 1965லயே பிரிஞ்சுட்டாய்ங்க. நம்மூருக் கோயில் கமிட்டியே அத விடக் கூடுதலா நாள் தாங்கும். 1983ல திரும்பச் சேந்தாய்ங்க. ரோலண்ட் அல்ஃபோன்சோன்னு சாக்ஸபோன் பெரியவரு 1998ல அமெரிக்காவுல வாசிச்சுக்கிட்டு இருக்கையிலயே மேடையில சாஞ்சவரு, அந்த மாசமே போயிச் சேந்துட்டாரு. ஆரம்பத்துலயே பாடுன டோரீன் ஷாஃபர் அம்மா கெழவியான பின்னாடியும் மேடை ஏறுனாங்க. ஆளு மாறுது, அடி மாறல. நம்ம மேளத்துல மட்டும் என்ன? அப்பன் தவுல மகன் தோள்ல மாட்டுறான், செட்டுப் பேரு தாத்தா பேராவே இருக்கு. யாரும் ஆதாரு கார்டு கேட்டுட்டு ஆடுறதில்ல.

இம்புட்டும் சொல்லிட்டேன், இனி கொஞ்சம் ஒறைக்கிற மாதிரி அடிக்கிறேன், முதுகக் காட்டு.

நீ குடியிருக்கிற கோவென்ட்ரிக்கும் இந்தப் பாட்டுக்கும் ஒறவு உண்டுங்கிறதே இப்ப நான் சொல்லித்தேன ஒனக்குத் தெரியும்? ஜமைக்காக்காரய்ங்க பொழைக்கக் கப்பலேறி வந்தப்ப பாட்டும் கூடவே வந்து எறங்குச்சு. 1979ல ஜெர்ரி டாமர்ஸ்னு ஒரு பய அந்தக் கோவென்ட்ரியிலதேன் டூ டோன்னு ரெக்கார்டு கம்பெனி ஆரம்பிச்சான். தி ஸ்பெஷல்ஸ்னு அவன் கூட்டம், கருப்பரும் வெள்ளைக்காரரும் ஒரே மேடையில, கருப்பு வெள்ளைக் கட்டம்தேன் அவிங்க அடையாளம். கார்ப் பட்டறைக மூடி, எளவட்டமெல்லாம் வேலையில்லாமத் தெருவுல நின்ன காலம். அந்த வயித்தெரிச்சல 1981ல ‘கோஸ்ட் டவுன்’னு பாட்டாப் போட்டு பிரிட்டன்லயே மொத எடத்துக்குக் கொண்டுபோனாய்ங்க. அந்த ஊருத் தெருவுலதேன் நீ தெனம் பாலு வாங்கிட்டு வர்ற. ஒனக்குத் தெரியல. ஒன்னையக் குத்தம் சொல்லல மாப்ள, ஒனக்கு அது பரவையிலயே பழகுன பழக்கம்.

வருசா வருசம் அம்மன் கோயிலுக்கு நையாண்டி மேளம் வருது. நீ ஒரு தடவையாச்சும் கிட்ட நின்னு பாத்திருக்கியா? ரெண்டு நாயனம், ரெண்டு தவுலு, ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு ஜால்ரா. ஆரம்பிக்கும் முன்னாடி நாயனக்காரர் சீவாளிய வாயோரமா ஒதுக்கி ஊறப்போட்டுக்கிட்டே டீக்காசு கணக்குப் பாப்பாரு. தவுல்காரர் துணியச் சுத்திப் பசையில எறுக வச்ச கூட்ட வலது கை வெரல்ல ஒவ்வொண்ணா மாட்டி, தொடையில தட்டிப் பாப்பாரு. பம்பைக்காரர், ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டுன ரெட்டைக் கொட்ட இடுப்புக்கு ஏத்தி எறக்கிச் சரி பண்ணுவாரு. அது வரைக்கும் அவுக வெறும் கெழட்டு ஆளுக, வெத்தலக் காவி, சாயம்போன சட்டை. மொத அடி விழுந்ததும் பாரு. ஜமைக்காக்காரய்ங்க நாலு நாலா எண்ணுறத நம்மாளுக மூணு மூணா உருட்டுவாய்ங்க. கரகக்கார அம்மா தலையில செம்பு அசையாமப் பின்னாடி வளைஞ்சு, கண்ணு எமையில ஊசிய எடுக்கும். அந்தம்மா வளையிற வேகத்துக்குத் தவுலு எறங்கணும், நிமிருற வேகத்துக்கு ஏறணும். எதுத்தாப்புல யாரும் நோட்டுப் புத்தகம் வச்சுக் கைகாட்டுறதில்ல, கண்ணுக்குக் கண்ணுதேன்.

அந்த நேரம் பாத்து நாயனம் உச்சிக்கு ஏறும். அங்கதேன் நம்ம மைக்குக்காரன் உள்ள பூருவான்: “கரகாட்டக் கலைஞருக்கு மேலத்தெரு அரிசிக்கடை அண்ணன் அவர்கள் அன்பளிப்பு ரூபாய் நூத்தி ஒண்ணு!” நாயனக்காரர் உச்சியில ஏறுன சொரத்த அப்பிடியே முழுங்கிட்டு, ஒரு கும்பிடு போட்டுட்டு, மறுபடி அடியில இருந்து ஏறுவாரு. ரெண்டாந் தடவ ஏறுறாரு பாரு, அதுதேன்டா அனுபவம். ஒஞ் ஜமைக்காக்காரன் ஒருத்தனக் கூட்டியாந்து அந்த எடத்துல நிறுத்து, தொப்பியக் கழட்டிருவான்.

ஆனா யாரு நின்னு கேக்குறா? ‘கரகாட்டக்காரன்’ 1989ல வந்து மதுரையில ஒரு வருசத்துக்கு மேல ஓடுச்சு. கொட்டாயில கரகத்தப் பாத்து விசிலடிச்ச அதே சனம், கோயிலுக்கு வந்த கரக செட்டுகிட்ட ஐநூறு ரூபாயக் கொறைக்கச் சொல்லிப் பேரம் பேசுச்சு. ‘தில்லானா மோகனாம்பாள்’ல 1968ல நாயனம் வாசிச்சது நம்ம மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி அண்ணந்தம்பிக. சனம் பூராம் சிவாஜி கன்னத்தத்தேன் பாத்துச்சு. இப்ப கமிட்டிக்காரய்ங்க ஆடல் பாடலுக்கு அனுமதி கேட்டு ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்கே மனுவோட போறாய்ங்க. மேளத்துக்குன்னு மனுப் போட்டவன ஒருத்தனக் காட்டு பாப்பம். ராத்திரி 10 மணிக்குக் கொழாய நிறுத்தணும்கிறது சட்டம். ஆடல் பாடலு ஒம்பதே முக்கா வரைக்கும் ஓடும், மிச்சக் கால்மணி நேரம் மேளத்துக்கு. பக்கத்துல அலங்காநல்லூரு வேலு ஆசான் பறை அடிச்சே 2025ல பத்மஸ்ரீ வாங்கிட்டாரு. தில்லி அவர எட்டிப் பிடிச்சிருச்சு, நம்ம பஸ்ஸு இன்னும் போய்ச் சேரல.

பரவைன்னு ஊருப் பேரச் சொன்னா ஒலகம் பூராம் யாரு பேரச் சொல்லும்? முனியம்மாக்கா பேரத்தேன். ‘தூள்’ படம் 2003ல வந்தப்ப அவுகளுக்கு 60 வயசத் தாண்டிருச்சு. அதுக்கு முன்னாடி எத்தனையோ வருசமாத் தெம்மாங்கும் கும்மியும் தாலாட்டும் திருவிழா மேடையில பாடிக்கிட்டுத்தேன் இருந்தாக. அப்ப அது நமக்கு ‘அந்தக்கா பாடுது’. படம் வந்த மறுநாளு அது ‘நம்ம பரவை முனியம்மா’! கொல்லங்குடி கருப்பாயிக்கும் இதே கததேன், 1985ல ‘ஆண்பாவம்’ வந்தப்பறந்தேன் பக்கத்து ஊர்க்காரனுக்கே காது தொறந்துச்சு. உள்ளூர் மாடு வெல போகாதும்பாய்ங்க. இங்க மாடு வெளியூரு போயி வெல பேசிட்டு வந்து நின்னாத்தேன் உள்ளூர்க்காரன் பல்லப் பிடிச்சுப் பாப்பான். கலைமாமணி விருதெல்லாம் வாங்குன முனியம்மாக்கா 2020 மார்ச்சு 29ல கண்ண மூடுனாக. ஊரடங்கு போட்டு ஒரு வாரங்கூட ஆகல. கூட்டம் கூடக் கூடாதுன்ன நேரம். அன்னிக்கு மட்டும் ஊருக்கே கூட்டமா வரணும்னு ஆச வந்துருச்சு.

ஏன் இப்பிடிங்கிற? உள்ளூர்ல எவனும் ஒத்தையில நின்னு கேட்டதில்ல. நாலு பேரோட நிக்கிறவன், நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்றதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கிறான். நாலு பேரும் அப்பிடியேதேன் காத்துக்கிட்டு நிக்கிறாய்ங்க. யாராச்சும் ஒருத்தன் மொதல்ல தலையாட்டணும்ல? அந்த ஒருத்தனுக்கு ஒத்தையில வரத் தைரியம் வேணும். அதுனாலதேன் உங்காத்தா அழுதப்ப நான் அழுகல. சீமையிலயாச்சும் போயி எம்மருமகன் ஒத்தையில நிக்கப் பழகுறானேன்னு ஒரு டீ கூடுதலாக் குடிச்சேன். அந்தக் காச உங்காத்தா கணக்குலதேன் எழுதியிருக்கேன்.

அதுனால போ. ஒத்தையில போ, ஓரமா நில்லு, அளவாக் குடி, நெறைய ஆடு. கச்சேரி முடிஞ்சதும் யாருக்கும் போன் பண்ணாம ஒத்தையிலயே நடந்து வீட்டுக்கு வா. பேசிக்கிட்டே வந்தா பேச்சு பாட்டத் தின்றும். பெறகு லீவு போட்டுத் திருவிழாவுக்கு ஊருக்கு வா. உங்காத்தா கறி எடுத்துச் சோறாக்குவா, தின்னுட்டு, கூட்டாளி எவனையும் கூப்பிடாம, மேளம் நிக்கிற எடத்துக்குப் போ. பம்பைக்காரருக்கு நேரா நிக்காத, அவருக்கு எடது பக்கம் கொஞ்சம் தள்ளி நில்லு.

பம்பைக்காரருக்கு வலது பக்கம், கொட்டாய்க் கால ஒட்டி, வருசா வருசம் நான் நிக்கிறேன். பாத்துட்டா “மாமா”ன்னு கூப்பிட்டுக் கிட்ட வந்துராத. நானும் ஒத்தையிலதேன் வந்திருப்பேன்.